முதலாளி ஊரில் இல்லாத நாள்களைத் தேடுங்கள்: புலிட்சர் தாள்களைப் படிக்க ஒரு வழி

நானும் பத்திரிகைக்காரன்தான், ஆனால் எழுதுகிற பக்கம் இல்லை. ஒரு தமிழ் நாளிதழின் சர்க்குலேஷன் பிரிவில் 31 வருஷம் இருந்தேன். எந்த ஏஜென்டுக்கு எத்தனை கட்டு, எத்தனை ரிட்டர்ன், யார் டெபாசிட்டுக்கு மேலே பாக்கி வைத்திருக்கிறார், மழை ராத்திரியில் எந்த வேன் எங்கே நின்றது, இதிலேயே காலம் போனது. ஓய்வுபெற்ற பிறகு மகள் வீட்டுக்கு நியூஜெர்சி வந்தேன். பேத்தியைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டால் சாயங்காலம் வரை சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான். ஒருநாள் மருமகன், "மாமா, புலிட்சரோட லெட்டர் எல்லாம் கொலம்பியா யுனிவர்சிட்டியில இருக்கு, பேரைப் பதிவு பண்ணிட்டா யார் வேணாலும் போய்ப் பாக்கலாம்" என்றார். நான் நம்பவில்லை. எனக்குப் புலிட்சர் என்றால் ஒரு பரிசு, அவ்வளவுதான்.

ஆறு நாள் போனேன். அதில் முதல் இரண்டு நாள் வீண். அந்த இரண்டு நாளாவது உங்களுக்கு மிச்சமாகட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். ஆராய்ச்சி மாணவர்களுக்கு இதெல்லாம் வகுப்பிலேயே சொல்லிக்கொடுத்திருப்பார்கள். என்னைப் போல வெளியிலிருந்து போகிறவர்களுக்குத்தான் இது.

ஆளைப் பற்றி முதலில் கொஞ்சம். ஜோசப் புலிட்சர் 1847-இல் ஹங்கேரியில் மாக்கோ என்ற ஊரில் பிறந்தவர். 1864-இல் கையில் காசில்லாமல் அமெரிக்கா வந்தார். 1878-இல் செயின்ட் லூயிஸில் போஸ்ட்-டிஸ்பாட்ச், 1883-இல் நியூயார்க்கில் தி வேர்ல்டு என்று இரண்டு பத்திரிகைகளுக்கு முதலாளியானார். வேர்ல்டை ஜே கூல்ட் என்ற ரயில் முதலாளியிடமிருந்து வாங்கினார். 1885-இல் சுதந்திர தேவி சிலைக்குப் பீடம் கட்டப் பணம் போதவில்லை என்றபோது, பணம் கொடுத்தவர்களின் பெயரைப் பத்திரிகையில் போட்டு, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சாதாரண ஜனங்களிடமிருந்து ஒரு லட்சம் டாலருக்கு மேல் திரட்டினார். சர்க்குலேஷன்காரனாகச் சொல்கிறேன்: தன் பேர் அச்சில் வந்த பத்திரிகையை ஒருவன் வாங்காமல் விடமாட்டான். அந்த மூளைக்கு ஒரு கும்பிடு.

இப்போது முக்கியமான விஷயம். 1890 வாக்கில் அவருக்குக் கண் பார்வை ஏறக்குறைய போய்விட்டது. சின்னச் சத்தம்கூடத் தாங்க முடியாத நரம்புக் கோளாறு வேறு. அதற்குப் பிறகு 1911-இல் இறக்கும் வரை அலுவலகத்துக்கு வந்ததே அபூர்வம். மெய்ன் மாநிலத்தில் பார் ஹார்பர், ஜார்ஜியாவில் ஜெக்கில் தீவு, ஐரோப்பா, கடைசி வருஷங்களில் லிபர்ட்டி என்ற தன் சொந்தக் கப்பல் என்று சுற்றிக்கொண்டே இருந்தார். ஆனால் பிடியை மட்டும் விடவில்லை. தினமும் தந்தி, மெமோ, கடிதம். நியூயார்க்கில் இருந்த ஆட்கள் அன்றன்று நடந்ததை எழுதி அனுப்பியாக வேண்டும்.

எங்கள் பத்திரிகை முதலாளி காலை பதினோரு மணிக்கு வருவார். கோபம் வந்தால் அறைக் கதவைத் திறந்து ஒரே கத்தல். மூன்று மாடிக்கும் கேட்கும். அதற்கெல்லாம் ஒரு துண்டுத் தாள்கூட இன்று கிடையாது. புலிட்சர் அலுவலகத்திலேயே உட்கார்ந்திருந்தால் அவருடைய கத்தலும் அப்படியே காற்றில் போயிருக்கும். அவர் ஊரில் இல்லாததால்தான் எல்லாம் தாளில் ஏறியது. ஆகவே எந்தப் பத்திரிகை முதலாளியின் தாள்களைப் பார்க்கப் போனாலும் முதலில் கண்டுபிடிக்க வேண்டியது அவர் எப்போதெல்லாம் ஊரில் இல்லை என்பதை. பெட்டி நிறைந்திருப்பது அந்த மாதங்களில்தான்.

சரி, வீட்டிலேயே செய்ய வேண்டிய வேலை.

"புலிட்சரைப் பற்றித் தெரிந்துகொள்ள வந்தேன்" என்று போகாதீர்கள். நான் அப்படித்தான் போனேன், முதல் நாள் வீணானது அதனால்தான். தேதி போட்ட சின்னக் கேள்வி ஒன்று வேண்டும். இரண்டாம் வாரம் நான் எடுத்துக்கொண்டது 1899 ஜூலையில் நடந்த பேப்பர் பையன்களின் வேலைநிறுத்தம். சொன்னால் உங்களுக்கும் பிடிக்கும். 1898-இல் ஸ்பெயினோடு யுத்தம் வந்தபோது விற்பனை எகிறியது. நூறு பேப்பர் கொண்ட கட்டின் விலையைப் பையன்களுக்கு 50 சென்ட்டிலிருந்து 60 சென்ட்டாக ஏற்றினார்கள். ஒரு பேப்பர் விலை 1 சென்ட். ஆகக் கட்டுக்கு 50 சென்ட் லாபம் பார்த்த பையனுக்கு இப்போது 40. யுத்தச் செய்தி இருந்தவரை கட்டு வேகமாகப் போனதால் அவர்கள் பொறுத்துக்கொண்டார்கள். யுத்தம் முடிந்ததும் மற்றப் பத்திரிகைகள் விலையை இறக்கின. புலிட்சரின் ஈவ்னிங் வேர்ல்டும், அவருடைய போட்டி முதலாளி ஹர்ஸ்டின் ஈவ்னிங் ஜர்னலும் இறக்கவில்லை. பையன்கள் கட்டைத் தொடமாட்டோம் என்று தெருவில் இறங்கிவிட்டார்கள். இரண்டு வாரம் ஓடியது. கடைசியில் 60 சென்ட் 60 சென்ட்டாகவே நின்றது. ஆனால் விற்காத பேப்பரை முழுப் பணத்துக்குத் திரும்ப எடுத்துக்கொள்ள இரண்டு முதலாளிகளும் ஒப்புக்கொண்டார்கள். ரிட்டர்ன்! 31 வருஷம் ரிட்டர்ன் கணக்கோடு மல்லுக்கட்டியவன் இதை விடுவேனா?

கேள்வி கிடைத்ததும் தாள் எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டும். ஒருவரின் தாள்கள் ஒரே இடத்தில் இருக்கும் என்று நினைக்காதீர்கள். புலிட்சர் தாள்கள் நியூயார்க்கில் கொலம்பியாவின் அரிய நூல், கையெழுத்துப் பிரதி நூலகத்தில் இருக்கின்றன. அங்கேயே தி வேர்ல்டு பத்திரிகையின் அலுவலகத் தாள்கள் தனித் தொகுப்பாக இருக்கின்றன. வாஷிங்டனில் காங்கிரஸ் நூலகத்திலும், அதாவது அமெரிக்க நாடாளுமன்றத்தின் நூலகத்திலும், புலிட்சர் தாள்கள் உண்டு. இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது, விழாதீர்கள். மகன் பெயரும் ஜோசப் புலிட்சர்தான், பேரன் பெயரும் ஜோசப் புலிட்சர்தான். போஸ்ட்-டிஸ்பாட்சை நடத்திய மகன் 1885-இல் பிறந்து 1955-இல் இறந்தவர். அவருடைய தாள்களும் அதே காங்கிரஸ் நூலகத்தில் தனித் தொகுப்பு. தேடலில் பெயரை மட்டும் போட்டால் அப்பாவும் பிள்ளையும் கலந்து வருவார்கள். பிறந்த, இறந்த ஆண்டுகளைப் பார்த்துவிட்டே உள்ளே போங்கள்.

தொகுப்பு கிடைத்ததும் அதன் ஃபைண்டிங் எய்டைத் திறங்கள். எந்தப் பெட்டியில் எந்த ஃபோல்டர், அதில் எந்த ஆண்டு, யார் எழுதிய கடிதம் என்று வரிசையாகச் சொல்லும் விவரப் பட்டியல் அது. நூலகத்தின் தளத்திலேயே இலவசமாகக் கிடைக்கும். எல்லாரும் நேரே பெட்டி எண்ணுக்கு ஓடுவார்கள். நீங்கள் முதல் இரண்டு பக்கத்தைப் பொறுமையாகப் படியுங்கள். தாள்கள் யாரிடமிருந்து வந்தன, எப்படி அடுக்கியிருக்கிறார்கள், எவற்றைப் பார்க்கத் தடை, மைக்ரோஃபிலிம் இருக்கிறதா, பெட்டிகள் அதே கட்டடத்தில் இருக்கின்றனவா இல்லை வெளிக்கிடங்கில் இருக்கின்றனவா என்பதெல்லாம் அங்கேதான். வெளிக்கிடங்கு என்றால் சில நாள் முன்பே கேட்டு வைக்க வேண்டும். நான் இதைப் படிக்காமல் போய், பெட்டி இல்லாமல், வெறும் மேசையின் முன் உட்கார்ந்துவிட்டு வீடு திரும்பினேன். அது இரண்டாவது வீண் நாள்.

இன்னொரு குறுக்கு வழி: உங்கள் விஷயத்தைப் பற்றி ஏற்கனவே எழுதியவர்களின் அடிக்குறிப்புகள். அவர்கள் என்ன முடிவுக்கு வந்தார்கள் என்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். எந்த நூலகம், எந்தத் தொகுப்பு, எந்தத் தேதியிட்ட மெமோ என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். பல மாதம் பெட்டி பெட்டியாகத் துழாவி அவர்கள் கண்டுபிடித்ததை நீங்கள் ஒரு ராத்திரியில் எடுத்துவிடலாம். வெட்கப்பட ஒன்றும் இல்லை, அடிக்குறிப்பு போடுவதே அதற்குத்தான்.

அப்புறம், கடிதத்துக்கு முன்னால் பத்திரிகையைப் படியுங்கள். இதைச் செய்யாமல் போனால் கடிதத்தில் வரும் பாதிப் பெயர் புரியாது. காங்கிரஸ் நூலகம் நடத்தும் குரோனிக்ளிங் அமெரிக்கா தளத்தில் ஈவ்னிங் வேர்ல்டு, தி சன், நியூயார்க் டிரிப்யூன் எல்லாம் பக்கம் பக்கமாகக் கிடைக்கின்றன. வேலைநிறுத்தச் செய்தியை வேர்ல்டிலும் ஜர்னலிலும் தேடி அலுத்துப்போனேன். சன்னிலும் டிரிப்யூனிலும் தாராளமாக இருந்தது. போட்டிக்காரன் வீட்டில் தீப்பிடித்தால் நம் பத்திரிகையில் எவ்வளவு இடம் ஒதுக்குவோம் என்று எல்லாருக்கும் தெரியும். தன்னைப் பற்றித் தானே எழுதாததை ஒரு பத்திரிகை முதலாளிக்கு மட்டும் எழுதி அனுப்பும். அந்த இடைவெளிதான் நீங்கள் தேடிப்போவது.

போகிற நாள். கொலம்பியாவுக்கு 1-ஆம் எண் சப்வேயில் 116-ஆவது தெரு நிறுத்தம். பட்லர் நூலகத்தின் ஆறாவது மாடி. பட்லர் என்பவர் புலிட்சர் காலத்தில் அந்தப் பல்கலைக்கழகத்தின் தலைவர். இதழியல் பள்ளி தொடங்கப் புலிட்சர் 1892-இல் பணம் தருகிறேன் என்று வந்தபோது கொலம்பியா வேண்டாம் என்றது. பத்து வருஷம் கழித்து மனம் மாறியது. பள்ளி திறந்தது 1912-இல், அவர் இறந்த மறு வருஷம். மாடி ஏறும்போது இது ஞாபகம் வந்தால் சிரித்துக்கொள்ளலாம்.

முன்னாலேயே இணையத்தில் கணக்குத் தொடங்கி, பெட்டிகளையும் நாளையும் பதிவு செய்திருக்க வேண்டும். போட்டோ உள்ள அரசு அடையாள அட்டை வேண்டும். நான் பாஸ்போர்ட் எடுத்துப்போனேன். பை, கோட்டு, தண்ணீர் பாட்டில் எல்லாம் வெளியே. பேனா கூடாது, பென்சில் மட்டும். லேப்டாப்பும் போனும் சரி, ஃப்ளாஷ் கூடாது. ஒரு ஸ்வெட்டர் போட்டுக்கொள்ளுங்கள். தாளுக்கு ஏற்ற குளிரில்தான் அந்த அறையை வைத்திருப்பார்கள், நம் உடம்புக்கு ஏற்றபடி இல்லை.

மேசையில் ஒரு நேரத்தில் ஒரு பெட்டி, பெட்டியிலிருந்து ஒரு ஃபோல்டர். ஃபோல்டரை எடுத்த இடத்தில் அடையாளத்துக்கு ஒரு வெற்று அட்டையைச் செருக வேண்டும், இல்லாவிட்டால் திரும்ப வைக்கும்போது இடம் தவறும். உள்ளே இருக்கும் தாள்களின் வரிசையை மாற்றவே கூடாது, "இது தப்பான தேதியில் இருக்கிறதே" என்று தோன்றினால்கூட. அலுவலரிடம் சொல்லுங்கள், நீங்கள் சரிசெய்யாதீர்கள். நோட்டு எண்ணுகிற மாதிரி விரலை நாக்கில் தொட்டுப் புரட்டுகிற பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. எனக்கும் இருந்தது. முதல் தாளிலேயே கை வாய்க்குப் போனது. எதிர் மேசைப் பெண் பார்த்த பார்வையில் அந்தப் பழக்கம் விட்டுப்போயிற்று. கையுறை கேட்காதீர்கள். தாளுக்குச் சுத்தமான உலர்ந்த கைதான் நல்லது. கையுறை பழைய போட்டோக்களுக்கு.

போட்டோ எடுப்பதில் ஒரு ஒழுங்கு வேண்டும். முதலில் பெட்டியின் லேபிள், அடுத்து ஃபோல்டரின் லேபிள், அதன் பிறகே தாள்கள். தாளின் பின்பக்கத்தில் ஒரு வரி இருந்தாலும் அதையும் எடுங்கள். நான் ஒரு காலை முழுக்க நூற்றைம்பது தாளை வரிசையாகச் சுட்டுத் தள்ளினேன், லேபிள் ஒன்றுகூட எடுக்கவில்லை. வீட்டுக்கு வந்து பார்த்தால் எது எந்தப் பெட்டி என்று தெரியவில்லை. ஏஜென்ட் பேர் எழுதாத ரிட்டர்ன் கட்டு மாதிரி. கையில் இருக்கிறது, கணக்கில் சேர்க்க முடியாது. மறுபடி போய் எல்லாவற்றையும் எடுத்தேன்.

இனிப் படிக்கிற வேலை. புலிட்சர் தாள்களில் எனக்கு நேரம் பிடித்தது இங்கேதான், நீங்களும் நேரம் ஒதுக்குங்கள்.

அவர் பார்வை இழந்தவர். பார்வை போன பிறகு அவருக்கு வந்த கடிதங்களைப் பெரும்பாலும் அவரே படிக்கவில்லை, யாரோ படித்துக் காட்டினார்கள். அவர் பெயரில் போன கடிதங்களில் பெரும்பாலானவற்றை அவர் சொல்ல, ஒரு செயலாளர் எழுதினார். சொன்னதை அப்படியே எழுதினாரா, முதலாளியின் கோபத்தைக் கொஞ்சம் ஆற்றி எழுதினாரா? தந்தியில் வந்த கெட்ட செய்தியைச் சாப்பாட்டுக்கு முன்னால் படித்துக் காட்டினார்களா, பின்னாலா? தாள் இதைச் சொல்லாது. ஆனால் ஒவ்வொரு தாளிலும் யார் குரல், யார் கை என்று இரண்டு கட்டம் போட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஆல்ஃபிரட் பியூட்ஸ் என்ற ஆங்கிலேயர் பல வருஷம் செயலாளராக இருந்தார். 1907-இல் லண்டன் பத்திரிகை முதலாளி நார்த்கிளிஃப் பிரபுவிடம் வேலைக்குப் போய்விட்டார். ஆள் மாறியதும் கடிதத்தின் நடை மாறுகிறதா என்று பாருங்கள். மாறினால், அதுவரை நீங்கள் புலிட்சர் என்று நினைத்த நடையில் பாதி பியூட்ஸுடையது.

அடுத்தது ரகசியச் சொற்கள். தந்தி பல கை மாறிப் போகிற சமாச்சாரம் என்பதால் அவர்கள் ஒரு சங்கேத அகராதியே வைத்திருந்தார்கள். அதில் புலிட்சருக்குப் பெயர் ஆண்டீஸ், மலைத்தொடரின் பெயர். ஹர்ஸ்டுக்குக் கஷ். ஹர்ஸ்டின் ஜர்னலுக்கு ஜெரேனியம், அதாவது ஒரு பூச்செடி. மங்கிய கார்பன் காப்பி ஒன்றில் கஷ் என்பதை நான் கேஷ் என்று படித்துவிட்டு, ஏதோ பண விவகாரம் என்று இரண்டு மணி நேரம் அதன் பின்னாலேயே போனேன். பொருத்தமில்லாத இடத்தில் ஒரு பூவோ மலையோ வந்தால் நின்று யோசியுங்கள். சங்கேதச் சொற்களுக்கு நோட்டில் தனிப் பக்கம் ஒதுக்கி, முதலில் எங்கே கண்டீர்கள் என்பதோடு எழுதிவாருங்கள்.

தேதியிலும் ஏமாறுவோம். 7/8/99 என்று இருந்தால் நமக்கு ஆகஸ்ட் 7, அவர்களுக்கு ஜூலை 8. வேலைநிறுத்தம் தொடங்கியது ஜூலை 20. ஒரே எண்ணை எப்படிப் படிக்கிறோம் என்பதைப் பொறுத்து ஒரு கடிதம் அதற்கு முன்னாலோ பின்னாலோ போய்விடும். தேதியே இல்லாத துண்டுகளை அவற்றில் வரும் செய்தியை வைத்துப் பத்திரிகையின் அன்றைய இதழோடு பொருத்துங்கள்.

வேர்ல்டின் நிர்வாகத்தைப் பார்த்துக்கொண்டவர் டான் சைட்ஸ். வேலைநிறுத்த நாள்களில் அவர் புலிட்சருக்கு அனுப்பிய மெமோக்கள்தான் எனக்குத் திருவிழா. 3,60,000 அச்சடித்த இடத்தில் 1,25,000 என்று விழுந்ததாகச் சரித்திரக்காரர்கள் சொல்லும் கணக்குக்கு வேர் அங்கேதான். இப்படிப்பட்ட மெமோவைப் படிக்கும்போது ஒன்றை நினைவில் வையுங்கள்: அது கீழே இருப்பவர் மேலே இருப்பவருக்கு எழுதியது. நானும் எழுதியிருக்கிறேன். விற்பனை விழுந்தால் முதல் பத்தியில் மழையைச் சொல்வோம், இரண்டாவதில் போட்டிக்காரனைச் சொல்வோம், நம் தப்பு நாலாவது பத்தியில் செயப்பாட்டு வினையில் வரும். ஆகவே மெமோவில் இருக்கும் எண்ணை நம்புங்கள், அதற்குச் சொல்லும் காரணத்தைச் சந்தேகப்படுங்கள். எண்ணைக்கூட அடுத்த வார மெமோவோடு ஒத்துப்பாருங்கள். அச்சடித்ததா, வெளியே போனதா, விற்றதா என்பது மூன்றும் மூன்று கணக்கு. சர்க்குலேஷன் தெரியாதவர்கள் வழுக்குவது இங்கேதான்.

இல்லாததையும் கவனியுங்கள். தொடர்ந்து வந்த மெமோக்கள் திடீரென்று ஒரு வாரம் இல்லையென்றால், தொலைந்திருக்கலாம், யாராவது எடுத்து வைத்துக்கொண்டிருக்கலாம், இல்லையென்றால் முதலாளி அந்த வாரம் நியூயார்க் வந்து நேரிலேயே கத்திவிட்டுப் போயிருக்கலாம்.

வெளியிடுவதாக இருந்தால் உரிமை விஷயம். தாள் நூலகத்தின் சொத்து. அதில் உள்ள எழுத்தின் காப்புரிமை எழுதியவருக்கும் வாரிசுக்கும் சேர்ந்தது. அமெரிக்கச் சட்டப்படி வெளியாகாத கடிதத்துக்கு எழுதியவர் இறந்து 70 வருஷம் வரை காப்புரிமை. புலிட்சர் 1911, சைட்ஸ் 1935. இருவருடையதும் எப்போதோ முடிந்துவிட்டது. ஆனால் அதே பெட்டியில் 1970-இல் இறந்த ஒருவரின் கடிதமும் இருக்கலாம். ஆள் ஆளாகப் பாருங்கள். எங்கே எடுத்தாலும் எழுதியவர், பெறுநர், தேதி, பெட்டி எண், ஃபோல்டர் எண், தொகுப்பு, நூலகம் என்று ஏழையும் சேர்த்துக் குறிக்க வேண்டும்.

நேரில் போக வழியில்லாதவர்கள் நூலகத்துக்கு எழுதிக் கேட்கலாம். "புலிட்சர் பற்றி ஏதாவது அனுப்புங்கள்" என்று எழுதினால் ஃபைண்டிங் எய்டின் சுட்டிதான் பதிலாக வரும். பெட்டி எண், ஃபோல்டர் எண், தேதியோடு கேட்டால் ஸ்கேன் செய்து தர முடியுமா, எவ்வளவு ஆகும் என்று சொல்வார்கள்.

என் கணக்கில் இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. 1908 டிசம்பரில் பனாமா கால்வாய்ப் பணம் யாருக்குப் போனது என்று வேர்ல்டு கேட்க, ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் கொதித்துப்போய் வழக்குப் போடவைத்தார். 1911 ஜனவரியில் உச்ச நீதிமன்றத்தில் பத்திரிகை ஜெயித்தது. அந்த இரண்டு வருஷமும் கிழவர் புலிட்சருக்குப் பெரும்பாலும் கடல்தான் வீடு. லிபர்ட்டிக்கு என்னென்ன போயிற்று, அங்கிருந்து என்னென்ன வந்தது என்று பார்க்க வேண்டும். பெட்டி எண்களை டைரியின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன். அடுத்த தடவை மகள் டிக்கெட் போடும்போது, வந்து இறங்குவதற்கு ஒரு வாரம் முன்பே கேட்டு வைத்துவிடுவேன்.